தொப்பூர் இறக்கத்தில் வேகப் பலகையோடு கியரையும் எழுதுங்கள்

தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது வரும் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கனரக வண்டிகளுக்கு 30 கி.மீ. வேகம்தான் என்கிறார்கள். எண் சரியானதுதான். ஆனால் அந்த 30-ஐ ஒரு லாரியால் காப்பாற்ற முடியுமா என்பது உச்சியிலேயே, டிரைவர் எந்த கியரில் இறங்கத் தொடங்குகிறார் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே லாரி மோதி வரிசையாக வண்டிகள் நொறுங்கின. இரண்டு தடவையும் பேச்சு "அதிவேகம்", "பிரேக் பிடிக்கல" என்பதோடு நின்றுபோனது. பிரேக் ஏன் பிடிக்கவில்லை?

60 கி.மீ. வேகத்தில் ஓடும் லாரியை நிறுத்த பிரேக் எவ்வளவு சூட்டை வாங்குமோ, அதைப்போல ஏழு மடங்கு ஆற்றல் 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படுகிறது. எடை எதுவானாலும் இந்த விகிதம் மாறாது. டயர் உராய்வும் காற்றும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டாலும் மிச்சம் பெரிசுதான். 28.5 டன் லாரி 4 சதவீதச் சரிவில் 30-இல் இறங்கினால், வேகம் கூடாமல் பிடித்துவைக்கச் சுமார் 100 குதிரைத்திறன் வேண்டும். 60-இல் இறங்கினால் 180 வரை. 100 என்றால், தோதான கியரும், புகை போகும் வழியை அடைத்து எஞ்ஜினாலேயே வண்டியை இழுத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் சேர்ந்து பெரும்பகுதியைத் தாங்கிவிடும். டாப் கியரில் வந்தால் கிட்டத்தட்ட அவ்வளவு சுமையும் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்மின் தலையில்தான்.

டிரம் சூடேறினால் விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் லைனரை விட்டு விலகும். லைனரின் உராய்வும் குறையும். லைனருக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் சரியாக வைக்கப்படாத வண்டியில், காற்றழுத்தத்தால் லைனரைத் தள்ளும் பிரேக் சேம்பர் தண்டு கடைசி வரை வந்தும் லைனர் அழுத்தமாகப் பதியாது. டிரைவர் மறுபடி மறுபடி மிதிப்பார், ஏர் டேங்கில் காற்று இறங்கும். காற்று ரொம்பவே குறைந்தால் ஸ்பிரிங் பிரேக் தானாக விழும். ஆனால் அதுவும் அதே கொதிக்கும் டிரம்மைத்தான் பிடிக்க வேண்டும். இத்தனைக்கும் ஒரு பாகமும் உடைந்திருக்காது.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் இதில் மிகக் கொடியது. பிஎஸ்-4, பிஎஸ்-6 புகை விதிகளின்படி வந்த வண்டிகளில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் டீசல் செலுத்துவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்ஜின் ஐடிலிங்கில் டீசல் குடிக்கும். எஞ்ஜினையே அணைத்தால் பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸரும் பவர் ஸ்டீயரிங்கும் சேர்ந்தே போய்விடும். வேகம் பிடித்தபின் கீழ் கியருக்கு மாற்றப் பார்த்தால் கியர் விழாது. வண்டி நியூட்ரலிலேயே மாட்டிக்கொள்ளும்.

ஏறின கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்கள் சொன்ன கணக்கு. இப்போதைய எஞ்ஜின்களுக்கு பலம் அதிகம், மேல் கியரிலேயே ஏறிவிடும். ஆகவே இறங்க அதற்கும் கீழான கியர் தேவைப்படலாம். இறக்கம் தொடங்கும் முன்பே அந்த கியரைப் போட்டு, எக்ஸாஸ்ட் பிரேக்கை ஆன் செய்துவிட வேண்டும். வேகம் 30-ஐத் தொட்டால் மூன்று விநாடி போல நன்றாக மிதித்து 22-க்குக் கொண்டுவந்து காலை எடுத்துவிட வேண்டும். மறுபடி 30 வந்தால் மறுபடி அதேபோல. லேசாக மிதித்தபடியே வருவது, அச்சுக்கு அச்சு பிரேக் செட்டிங் வேறுபடும் வண்டியில், முதலில் பிடிக்கும் சக்கரங்களை மட்டும் வேகவைக்கும்.

அமெரிக்காவின் சில மலைச்சாலைகளில் லாரியின் எடையைப் பொறுத்து வேகத்தைப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். இங்கே காலி வண்டிக்கும் முழு லோடு வண்டிக்கும் ஒரே எண். 2018-இல் மூன்று அச்சு லாரிக்கு அனுமதித்த மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்ததே, இறக்கத்துக்கான விதி அதோடு சேர்ந்து மாறியிருக்க வேண்டாமா?

தொப்பூருக்கான உயர்மட்டச் சாலைத் திட்டம் நல்லதுதான், வளைவுகளின் ஆபத்து குறையும். ஆனால் மேட்டுக்கும் அடிவாரத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் அப்படியேதான் இருக்கப்போகிறது. அதனால் லாரிகளை உச்சிக்கு முன்பே கட்டாயமாக நிறுத்துங்கள். எடையைப் பாருங்கள், காற்றழுத்தம் காட்டும் ஏர் கேஜைப் பாருங்கள், டிரம் பக்கம் தீய்ந்த வாடை வருகிறதா பாருங்கள். எடைக்குத் தக்க வேகத்தையும் "இரண்டாவது அல்லது மூன்றாவது கியர்" என்பதையும் தமிழிலும் இந்தியிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் பெரிசாக எழுதிவையுங்கள். வேகக் கேமராவையும் முதல் அரை கிலோமீட்டருக்குள் வையுங்கள். அங்கே 45-இல் போகிற லாரியை இன்னும் நிறுத்த முடியும். அடிவாரத்துக் கேமராவில் விழும்போது அந்த டிரைவர் கையில் ஒன்றும் இருக்காது.