சிவப்புப் பாலத்தின் மறுகரை

சிங்கப்பூரின் பொங்கோல் கரையிலிருந்து சிவப்புப் பாலத்தைக் கடந்து லோரோங் ஹாலுஸ் ஈரநிலத்துப் பக்கம் போகிறவர்களில் பலர் நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது என்ன இடம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. சொல்லியே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

1970 முதல் 1999 வரை சிங்கப்பூரின் குப்பை அங்கே கொட்டப்பட்டது. வாளிக் கழிப்பறைகளிலிருந்து எடுத்த மலத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த நிலையமும் அங்கேதான் இருந்தது. அந்த வாளி முறை 1987இல்தான் முடிவுக்கு வந்தது. நம் பெற்றோர் காலத்துக் கதை, அவ்வளவு தூரத்தில் இல்லை.

குப்பைமேட்டை மூடி மண் போட்டுவிட்டால் அதோடு தீர்ந்துவிடுமா? மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். மக்கிய குப்பையில் ஊறி, அழுக்கோடு வடியும். பக்கத்தில் ஓடும் சிராங்கூன் ஆற்றை மறித்து நீர்த்தேக்கமாக்கியபோது, அந்தக் கசிவு நாம் குடிக்கப்போகும் தண்ணீரில் கலக்காமல் தடுக்க வேண்டியிருந்தது. அதற்காக உருவாக்கி 2011இல் திறந்ததுதான் இந்த ஈரநிலம். கசிவுநீரைப் பிடித்து, முதற்கட்டமாகச் சுத்தம் செய்து, நாணலும் சம்பும் அடர்ந்த பாத்திகளுக்குள் விடுகிறார்கள். வேர்களைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று தீர்க்கின்றன. அங்கிருந்து தண்ணீர் குளங்களுக்குப் போகிறது.

பார்க்க அழகான இடம்தான், மறுக்கவில்லை. முற்றிய சம்புக் கதிரை விரலால் தொட்டால் பஞ்சு பஞ்சாக உதிரும். தூக்கணாங்குருவி தன்னைவிட நீளமான புல்லிழையைக் கிழித்து அலகில் இழுத்துக்கொண்டு பறக்கும். ஆனால் அந்தப் பச்சை முழுவதும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. குப்பை கொட்டுவதை நிறுத்திய பிறகும் நம் அழுக்கைக் கழுவிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது இதைத்தான்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் கழிவு போகும் வழியில் மற்றதெல்லாம் கண்ணுக்கு மறைந்துவிட்டது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆழச் சுரங்கம் ஓடுகிறது. கழிவுநீர் சரிவிலேயே இறங்கிச் சாங்கி சுத்திகரிப்பு நிலையத்தை அடைகிறது. அதில் ஒரு பங்கு நியூவாட்டராக, அதாவது மீண்டும் பயன்படுத்தச் சுத்திகரித்த நீராகத் திரும்புகிறது. அருமையான பொறியியல், நிலமும் மிச்சம். ஆனால் காணாததை மனம் மறந்துவிடுகிறது. பிடோக்கில் இருந்த நியூவாட்டர் பார்வையாளர் நிலையமும் 2024இல் மூடப்பட்டுவிட்டது. எத்தனையோ பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்த இடம் அது.

மறந்ததன் விளைவைத் தீபாவளி நேரத்தில் பார்க்கலாம். முறுக்கும் அதிரசமும் சுட்ட எண்ணெய் அப்படியே பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் போகிறது. குழாய்க்குள் ஆறி, கொழுப்புக் கட்டியாகப் படிகிறது. எங்கள் புளோக்கில் இரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் சமையலறையில் ஒருமுறை அடைப்பினால் கழிவுநீர் பொங்கி வந்தது. தரையெங்கும் மஞ்சள் திட்டுகளும் சோற்றுப் பருக்கைகளும். மேலே இருக்கும் இத்தனை வீடுகளில் யார் ஊற்றியது என்று அவர் எங்கே போய்க் கேட்பார்?

இன்னொன்று. வீட்டுத் தொட்டியில் ஊற்றுவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். சாலையோர வடிகால் வேறு. அதில் ஓடுவது மழைநீர், பெரும்பாலும் நேரே நீர்த்தேக்கத்தில் சேரும். சோப்புத் தண்ணீரையும் கறிக்குழம்பையும் அங்கே கொட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

எண்ணெய் ஆறட்டும். பழைய செய்தித்தாளில் ஊறவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை லோரோங் ஹாலுஸுக்கு அழைத்துப் போங்கள். நம் தமிழ் அமைப்புகள் ஆண்டுதோறும் எத்தனையோ சுற்றுலா நடத்துகின்றன. விவரம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்து, காலை வெயில் ஏறுமுன் அந்தப் பாத்திகளைச் சுற்றிக்காட்டி, தமிழிலேயே விளக்கம் சொல்ல ஏற்பாடு செய்தால் முதல் ஆளாக நான் வருகிறேன். ஆர்வமுள்ளவர்கள் கீழே எழுதுங்கள்.