தீவைச் சுற்றி முடித்தோமாம்!

நேற்று இரவு பத்தரை மணிக்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. நீல நிற டிசர்ட். நெஞ்சில் சிங்கப்பூர் வரைபடம், அதைச் சுற்றி மஞ்சளில் ஒரு முழு வட்டம், கீழே 'தீவை வலம் வந்தோம்' என்று கொட்டை எழுத்து. "ஆளுக்கு 18 வெள்ளி, சைஸ் சொல்லுங்க" என்று அடியில் ஒரு வரி. ஐந்து நிமிடத்தில் நாலு பேரின் சைஸ் வந்துவிட்டது. கூடவே கைதட்டல், நெருப்பு, வெற்றிக் கோப்பை என்று பொம்மைகள் வேறு.

எந்த வட்டம்? யார் வலம் வந்தது? அந்த மஞ்சள் கோட்டில் மூன்று இடத்தில் ஓட்டை இருக்கிறது. மூன்றும் எந்தத் தெருவிளக்குக் கம்பத்தில் தொடங்கி எந்தக் கம்பத்தில் முடிகின்றன என்பதுவரை என்னிடம் படம் இருக்கிறது. இரவு ஒரு மணிவரை தூக்கம் வரவில்லை. இங்கே கொட்டித் தீர்த்துவிடுகிறேன்.

நாங்கள் ஆறு பேர். போன தீபாவளி முடிந்த வாரம் தேக்கா உணவங்காடியில் இழுத்து ஆற்றிய பால் தேநீர், அதான் தே தாரிக், குடித்துக்கொண்டே போட்ட திட்டம். தேசியப் பூங்காக் கழகம் தீவைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குப் பாதை திட்டமிட்டிருக்கிறது. கிழக்குப் பாதியில் 75 கிலோமீட்டர் தயார். மேற்கில் பாதை இல்லாத இடத்தில் சாலையோர நடைபாதையில் போய்க்கொள்ளலாம். மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு தடவைக்குப் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர். மரினா பராஜ் அணையில் தொடங்கி அங்கேயே முடிப்பது. ஒரே ஒரு விதி: விட்ட இடத்திலிருந்து தொடங்கணும். அதற்கு மேல் ஒரு கண்டிப்பும் கிடையாது. மெதுவாக நட, உட்கார்ந்து உட்கார்ந்து நட, கால் வலித்தால் பாதியில் வீட்டுக்குப் போ. ஆனால் அடுத்த மாதம் அதே இடத்தில் வந்து நில். ஆறு பேரும் தலையாட்டினோம். தலையாட்டுவதற்குக் காசா பணமா?

விட்ட இடம் எது என்று பின்னால் சண்டை வரக்கூடாதே என்று நான் ஒரு ஏற்பாடு செய்தேன். இந்த ஊரில் தெருவிளக்குக் கம்பங்களில் எண் போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். நடையை நிறுத்தும் இடத்தில் பக்கத்துக் கம்பத்தின் எண்ணைப் படம் எடுத்துக் குழுவில் போடுவேன். அடுத்த தடவை அந்தக் கம்பத்தைத் தொட்டுவிட்டுத்தான் முதல் அடி. இதற்காக எனக்கு 'கம்பத்தார்' என்று பெயர் வைத்தார்கள். வைக்கட்டும். ஒரு தடவை 37ஐ 31 என்று தப்பாகப் படித்து எல்லோரையும் ஆறு கம்பம் பின்னால் கூட்டிப்போனது உண்மைதான். அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்கள். ஆறு கம்பம் அதிகமாக நடந்தது குற்றமாம். ஒரு சாலையையே விழுங்கியது குற்றமில்லையாம்.

முதல் நடை நன்றாகத்தான் போனது. பராஜிலிருந்து கிழக்குக் கடற்கரைப் பூங்கா வழியாக பிடோக் படகுத்துறைவரை. தூண்டில்காரர்களை வேடிக்கை பார்த்தோம், கருவேப்பிலை மணக்க அக்கா கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதத்தைக் காலி பண்ணினோம். எங்களில் மூத்தவர் அந்த அக்காதான். அங் மோ கியோவிலிருந்து முதல் ரயிலில் ஏறி, குடையும் தண்ணீர் பாட்டிலுமாக எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார்.

நேரத்துக்கு வருவது பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போகமுடியாது. இங்கே ஆண்டு முழுவதும் ஏழு மணி வாக்கில்தான் விடியும். ஒன்பதரைக்கெல்லாம் வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்துவிடும். அதனால்தான் ஆறரைக்குத் தொடங்க வேண்டும் என்பது. ஜூரோங் அண்ணன் ஒருநாளும் ஏழேகாலுக்கு முன்னால் வந்ததில்லை. "நான் தீவோட அந்தக் கோடியிலேர்ந்து வரணும் தம்பி" என்பார். சரி, நியாயம்தான் என்று பொறுத்துக்கொண்டேன். நடை மேற்கே போய், அவர் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித் தொடங்கும் நாளும் வந்தது. அன்றைக்கு வந்தது ஏழரைக்கு. "பக்கத்துலதானேன்னு தூங்கிட்டேன்."

இது போதாதென்று தெம்பனிஸ் மச்சான். காலை 5:40க்கு, நான் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போது, ஜன்னல் வழியாக வானத்தைப் படம் எடுத்து அனுப்புவான். "கறுத்திருக்கே, போறோமா?" டேய், 5:40க்கு வானம் கறுப்பாகத்தாண்டா இருக்கும்!

இப்போது முதல் ஓட்டைக்கு வருகிறேன். சாங்கி கடலோரச் சாலை. விமான நிலையத்தை ஒட்டி நேராக நீண்டு ஓடும் சாலை அது. ஒரு பக்கம் வேலி, தலைக்கு மேல் விமானம், வாகாக ஒதுங்க நிழல் கிடையாது. பிடோக்கிலிருந்து புறப்பட்டவர்கள் பூங்கா முடியும் இடத்துக்கு வந்தபோதே பத்து மணி. (ஏழேகால் கதை நினைவிருக்கிறதா?) எல்லோர் முகமும் வாடிவிட்டது. சரி, இங்கேயே நிறுத்துவோம், அடுத்த மாதம் விடியற்காலையில் இதைக் கடந்துவிடலாம் என்று சொன்னதே நான்தான். கம்பத்தைப் படம் எடுத்துப் போட்டேன். ஐந்து பேரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

அடுத்த மாதம் நான் ஆறு இருபதுக்கு அந்தக் கம்பத்தடியில் நிற்கிறேன். பக்கத்தில் அக்கா. வேறு ஒருவரையும் காணோம். ஆறே முக்காலுக்குப் படம் வருகிறது: சாங்கி வில்லேஜ் உணவங்காடி, வாழையிலையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, பொரித்த கோழி, நாலு பேரின் பல்லும் தெரிகிறது. "இங்க வந்துடுங்க, இங்கேர்ந்து ஸ்டார்ட் பண்ணலாம், அந்த ரோடு போர்." போராம்! வரிசை நீளமாகிவிடும் என்று முதலில் சாப்பிட வந்துவிட்டார்களாம். விடியாத சாலையில் டாக்சிக்காக இருபது நிமிடம் நின்றோம். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. நான் டாக்சி முழுக்கப் பேசிக்கொண்டே போனேன். ஓட்டுநர் ரேடியோவைக் கூட்டி வைத்தார்.

அன்றைக்குத்தான் கணக்கர் தன் புகழ்பெற்ற வாதத்தை எடுத்துவிட்டார். கணக்கு எழுதும் வேலையில் இருப்பவர், எதற்கும் ஒரு கணக்கு வைத்திருப்பார். "கரை கரைங்கறீங்களே, எது கரை? சுதந்திரம் வாங்கினப்ப இந்தத் தீவு 580 சதுர கிலோமீட்டர் சொச்சம். இன்னிக்கு 730க்கு மேல. கிழக்குக் கடற்கரைப் பூங்காவே கடலைத் தூர்த்துப் போட்டது. பீச் ரோட்டுல பீச் இருக்கா? தெலுக் ஆயர் தெருவுல நாகூர் தர்கா கட்டினப்ப எதிர்ல கடல் இருந்துச்சு. இப்ப இருக்கா? கரையே இடம் மாறுறப்ப, நாம கொஞ்சம் மாறினா என்ன?"

தகவல் எல்லாம் சரிதான். 1830 வாக்கில் கட்டி முடித்த அந்த தர்காவின் வாசலில் நின்றால் இன்று கட்டடங்கள்தான் தெரியும், அலை கேட்காது. அதற்காக? கரை நகர்ந்தால் காலும் அதோடு நகர்ந்து நடக்கட்டும். கடலைத் தூர்த்ததற்கும் நாசி லெமாக்கிற்கும் என்னய்யா சம்பந்தம்?

கோனி தீவைப் பற்றிச் சொல்ல எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. அங்கே குளறுபடி நடந்தது, ஆனால் எல்லோரும் நடந்தார்கள். தீவைச் சுற்றும்போது நடுவில் இன்னொரு குட்டித் தீவைக் கடப்பது கணக்கில் சேருமா என்று பாசிர் ரிஸ்ஸிலிருந்து வாய்ச்சண்டை. அந்த மாதம் மழைக்குப் பயந்து மதியம் தொடங்கியதால் கோனி வாசலுக்கு வந்தபோது மாலை 6:35. காலை ஏழு முதல் மாலை ஏழு வரைதான் திறந்திருக்கும் என்று பலகை சொல்கிறது. உள்ளே விளக்கும் கிடையாது. ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்கு இரண்டு கிலோமீட்டர் வாக்கில். ஆறு பேரும் ஓடினோம். 2015இல் பூங்கா திறந்தபோது அங்கே ஒற்றைக் காளை ஒன்று இருந்தது, எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது, மறு ஆண்டு இறந்துபோனது என்று ஓடும்போதே கணக்கர் மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். பொங்கோல் பக்கம் வெளியே வந்து விழுந்து சிரித்தோம். அந்த ஒரு மாலைக்காகத்தான் இவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

செலத்தாரில் மின்னல் எச்சரிக்கை, பாதியில் நிறுத்தினோம், அடுத்த மாதம் அதே கம்பத்தைத் தொட்டுத் தொடங்கினோம். அதாவது, முடியும்! மனசு வைத்தால் முடிகிறது!

ஆனால் இரண்டாவது ஓட்டை, உட்லண்ட்ஸ். இதை மன்னிக்கவே மாட்டேன். செம்பவாங்கிலிருந்து வந்து உட்லண்ட்ஸ் நீர்முகப்பில் நிற்கிறோம். எதிரே மலேசியாவின் ஜொகூர் பாரு. இடது பக்கம் 1924லிருந்து இரண்டு கரையையும் பிடித்துக்கொண்டிருக்கும் கடற்பாலம், அதன்மேல் நகராத லாரி வரிசை. இன்னும் ஒன்றரை மணி நேரம் நடந்தால் கிராஞ்சி, அத்தோடு அன்றைய பங்கு முடிந்தது. தெம்பனிஸ் மச்சான் எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அங்க போய்ச் சாப்பிட்டா பாதி விலைல முடியும்ல?" நான் சிரித்தேன். சும்மா சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தான். ஜூரோங் அண்ணன் தன்னுடையதை எடுத்தார். பத்தாயிரத்தாரும் எடுத்தார்!

யோசித்துப் பாருங்கள். காலையில் தண்ணீர் பாட்டில், தொப்பி, பிளாஸ்டர் எல்லாம் எடுத்து வைக்கும்போதே பாஸ்போர்ட்டையும் எடுத்து வைத்திருக்கிறார்கள். முதல் நாளே பேசி வைத்த சதி. எனக்குத் தெரியாமல் மூன்று பேருக்குத் தனிக் குழு இருந்திருக்கிறது. தீவைச் சுற்ற வந்தவன் தீவை விட்டே வெளியேறுகிறான், அதுவும் குடிநுழைவு முத்திரையோடு! சாயங்காலம் அங்கிருந்து தோசைப் படம் வேறு. அடுத்த மாதம் கூடின இடம் கிராஞ்சியையும் தாண்டி சுங்கை பூலோ சதுப்புநிலம். முதலை பார்க்கணுமாம்.

அந்தப் பத்தாயிரத்தார் யார் என்று கேட்பீர்கள். கையில் கடிகாரம், அதில் காலடிக் கணக்கு. பத்தாயிரம் வந்ததும் எந்த இடமானாலும் சரி, நின்றுவிடுவார். "இதுக்கு மேல நடந்தாலும் அதே புள்ளிதானே" என்பார். ஒரு தடவை எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது நின்று, அந்த இருநூறு மீட்டருக்கு பஸ் ஏறினார். ஒரே நிறுத்தம். பார்த்துக்கொண்டே நின்றேன்.

மூன்றாவது ஓட்டை துவாஸ். மேற்கே கடலோரம் முழுக்க நடக்கமுடியாது, ஒத்துக்கொள்கிறேன். லிம் சூ காங் கோடியில் படகுத்துறையோடு வழி முடிந்துவிடுகிறது, அப்புறம் ராணுவப் பகுதி. உள்ளே திரும்பி, கல்லறைகளைத் தாண்டி, சாலையோடு சாலையாகத்தான் தெற்கே இறங்க வேண்டும். அதை நடந்தோம். ஆனால் துவாஸ் வந்ததும் ஜூரோங் அண்ணன் சொன்னாரே ஒரு வார்த்தை! "இந்த வழியாத்தான் தம்பி பதினாலு வருஷமா கம்பெனி பஸ்ல வேலைக்குப் போயிட்டு வரேன். இதை நடந்ததா வச்சுக்கலாம்." வச்சுக்கலாம்! நாலு பேரும் 'ஆமாம்ல' என்றார்கள். அப்படிப் பார்த்தால் நான் சாங்கிக்கு மேலே விமானத்தில் நூறு தடவை போயிருக்கிறேன். அதையும் வச்சுக்கலாமா?

திருவண்ணாமலையில் கிரிவலம் 14 கிலோமீட்டர். செங்கம் சாலையில் கால் வலிக்கிறது என்று ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், அடுத்த பௌர்ணமிக்கு அடி அண்ணாமலையிலிருந்து தொடங்கி, "முடிச்சுட்டேன்" என்று எங்கள் அப்பாயியிடம் சொல்லிப் பாருங்கள். விபூதித் தட்டாலேயே அடி விழும்.

இன்று காலை எழுந்து பார்க்கிறேன், அக்காவும் போட்டிருக்கிறார்: "எம் சைஸ்." எனக்குத் திக்கென்றது. போன் பண்ணினேன். "விடுங்க தம்பி, பசங்க ஆசையா பண்றாங்க" என்றார். என்னோடு அந்தக் கம்பத்தடியில் இருட்டில் நின்றவர்! கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அந்த சாங்கி ரோடுதான் மனசுல கிடக்கு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

குழுவில் எல்லோரும் என் சைஸைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'கம்பத்தாருக்கு டபுள் எக்ஸ்எல்' என்று ஒருவன் எழுதியிருக்கிறான். பதில் போட்டுவிட்டேன்: சனிக்கிழமை காலை ஆறரை, பூங்கா முடியும் இடம், அதே கம்பம், படம் மறுபடி இணைத்திருக்கிறேன். நானும் அக்காவும் இருப்போம். வருகிறவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வரவும். பாஸ்போர்ட் தேவையில்லை.