600 ஓம் ஹெட்ஃபோன் போனை எரித்துவிடுமா?

"பழைய 600 ஓம் ஹெட்ஃபோனை மொபைலில் செருகாதீர்கள், மின்சாரத்தை உறிஞ்சி போனையே எரித்துவிடும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. இதை நம்பி நல்ல பழைய ஹெட்ஃபோன்களை வாங்காமல் விடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஓம் என்பது மின்தடையின் அளவு. அது கூடினால் மின்னோட்டம் குறையுமே தவிர அதிகரிக்காது. போன் 1 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 32 ஓம் ஹெட்ஃபோன் சுமார் 31 மில்லிஆம்பியர் இழுக்கும். 600 ஓம் இழுப்பது 1.7 மில்லிஆம்பியர்தான். போனுக்கு இது சுமையே இல்லை. சத்தம் மட்டும் குறைவாகக் கேட்கும். தனி ஆம்ப்ளிஃபயர் வைத்தால் சரியாகிவிடும். 1968இல் வந்த சென்ஹைசர் எச்டி 414 2000 ஓம் கொண்டது, அதற்கும் இதே கணக்குதான்.

உண்மையில் போன் திணறுவது எதிர்ப்பக்கத்தில்: 1970களில் பரவலாக இருந்த 8 ஓம் ஹெட்ஃபோன்கள். அதே 1 வோல்டுக்கு 125 மில்லிஆம்பியர் கேட்கும். போனால் அவ்வளவு தர முடியாது, ஒலி சிதையும்.

அப்புறம், வாங்கும்போது கையில் ஒரு மல்டிமீட்டர் (ஓம் அளக்கும் கருவி) இருக்கட்டும். பிளக்கின் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே ஒரு காதின் ஓம், நடு வளையத்துக்கும் அடிப்பகுதிக்கும் இடையே மறுகாதின் ஓம் என அளந்து பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். பூஜ்யம் காட்டினால் ஷார்ட், அதாவது உள்ளே வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. அதைத்தான் போனில் செருகக்கூடாது. எதுவுமே காட்டாவிட்டால் பெரும்பாலும் பிளக் அருகே வயர் அறுந்திருக்கும், சால்டர் வைத்தால் போதும்.