பெரிய கண் இருந்தால் சோம்பேறியா?

"மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பழைய கிரேக்க மருத்துவ மேதை ஹிப்போகிரட்டீஸ் ஞாபகம் வந்துவிடும். காரணம் ஒரு பழைய லத்தீன் நூல்.

'சீக்ரெட்டும் சீக்ரெட்டோரும்', அதாவது ரகசியங்களின் ரகசியம். அலெக்சாந்தருக்கு அரிஸ்டாட்டில் எழுதிய கடிதம் என்று அது சொல்லிக்கொள்ளும். அவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அரபியிலிருந்து வந்த சரக்கு. 13ஆம் நூற்றாண்டில் திரிப்போலியின் பிலிப் முழுசாக லத்தீனில் பெயர்த்ததும் ஐரோப்பா முழுக்கப் படியெடுத்துத் தள்ளிவிட்டார்கள். ஆங்கிலேய அறிஞர் ரோஜர் பேக்கனே உட்கார்ந்து குறிப்பு எழுதியிருக்கிறார். சாப்பாடு, மூலிகை, கற்களின் குணம் என்று எல்லாம் உண்டு. இந்தியாவிலிருந்து அலெக்சாந்தருக்கு அனுப்பிய விஷக்கன்னிகூட உள்ளே இருக்கிறாள்!

கடைசியில் முகக்குறி, அதாவது உருவத்தைப் பார்த்துக் குணம் சொல்வது, நம் சாமுத்திரிகா லட்சணம் மாதிரி. பெரிய கண் என்றால் பொறாமைக்காரன், வெட்கங்கெட்டவன், சோம்பேறி. நடுத்தர உயரம், கருவிழி, கருமுடி, வட்ட முகம் என்றால் உத்தமன். (எங்கள் தெருவில் பாதிப் பேர் மந்திரியாகியிருக்க வேண்டும்.) உறுப்புக் குறை உள்ளவனை எதிரியைப் போல விலக்கிவை என்கிறது. அதுவரை சிரித்துக்கொண்டே படித்தவனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தக் காலத்து அறியாமை என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனசில்லை. யாருக்காக எழுதினார்கள் என்று பாருங்கள். ஆள் எடுக்கும் அரசனுக்கு. அதே நூற்றாண்டு அறிஞர் மைக்கேல் ஸ்காட் முகக்குறி நூல் எழுதியதும் பேரரசர் இரண்டாம் பிரெடரிக்குக்குத்தான். (அந்த ஸ்காட்டைத்தான் இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில், முகத்தை முதுகுப்பக்கம் திருப்பி நரகத்தில் நடக்கவிட்டார்.) வேலை கேட்டு நிற்பவன் முகத்தை அரசன் படிக்கலாம். அரசன் முகத்தை அவன் படிக்க முடியுமா?

அப்புறம் அந்த ஹிப்போகிரட்டீஸ் கதை. முகக்குறிப் பகுதியின் தொடக்கத்திலேயே வருகிறது. சீடர்கள் அவர் உருவத்தை வரைந்து, முகக்குறி வல்லவர் பிலெமோனிடம் காட்டினார்கள். "இவன் காமுகன், வஞ்சகன்" என்றார் அவர். சீடர்களுக்கு வந்ததே கோபம்! ஹிப்போகிரட்டீஸ் மட்டும், "சரியாகத்தான் சொன்னார். அதெல்லாம் எனக்குள் உண்டு, அறிவால் அடக்கி வைத்திருக்கிறேன்" என்றாராம்.

முகம் சொல்வதை மனிதன் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அடுத்த பத்தியிலேயே கண்ணையும் மூக்கையும் அளக்கப் போகிறது நூல். ஹிப்போகிரட்டீஸ் ஏற்கெனவே ஹிப்போகிரட்டீஸ். அதனால் அவர் பதிலைக் கேட்டார்கள். 23 வயதில் ஒரு நேர்முகத் தேர்வில் "ஆளைப் பார்த்தா சுறுசுறுப்பா தெரியலையே" என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்கள். என் கண் கொஞ்சம் பெரிசுதான்.