பிளாட் நம்பர் 14ல் ஒரு ஆடு

(காரைக்குடியை ஒட்டிய ஊர். போன வருஷம் கடலைக் கொல்லை. இப்போது மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்ட மனைகள். ஒரு கல்லில் ஆடு கட்டியிருக்கிறது. பக்கத்தில் செல்லம்மா. புரோக்கர் முருகேசன் பைக்கில் வந்து இறங்குகிறான்.)

முருகேசன்: என்னத்தே, நடு ரோட்டுல நிக்கிறீக?

செல்லம்மா: ரோடா? எங்கடா?

முருகேசன்: நீங்க நிக்கிறதுதான். முப்பதடி ரோடு. ஆடு நிக்கிறது பிளாட் நம்பர் 14.

செல்லம்மா: போன வருஷம் இதே எடத்துல உக்காந்துதான் கடலை ஆஞ்சேன். அப்ப ஒருத்தனும் ரோடுன்னு சொல்லலையே.

முருகேசன்: 2024ல காரைக்குடி மாநகராட்சி ஆச்சுல்ல, நம்ம ஊராட்சியையும் அதோட சேத்துட்டாக. இனி நீங்க டவுன்காரவுக.

செல்லம்மா: பஸ்ஸுகூட ஏறலையேடா நானு!

முருகேசன்: மாநகராட்சியை விடுங்க. சென்சஸ்ல தனிக் கணக்கு இருக்கு. சனம் 5,000 இருக்கணும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேரு இருக்கணும். வேலை பாக்குற ஆம்பளைகள்ல நூத்துக்கு 75 பேரு வெள்ளாமையை விட்டு வேற வேலைக்குப் போயிருக்கணும். அப்படி இருந்தா, ஊராட்சியா இருந்தாலும் அவுக ஏட்டுல அது நகரம்.

செல்லம்மா: பொம்பளைக?

முருகேசன்: அந்தக் கணக்குல பொம்பளைகளச் சேக்கல.

செல்லம்மா: அதானே! நட்டது நானு, களையெடுத்தது நானு. ஆம்பளைக பெயின்ட் அடிக்கவும் ஆட்டோ ஓட்டவும் போனா ஊரு நகரமா? சரி, ஒங்க மாமா காலையில டீக்கடைக்குப் போனா ராத்திரிதான் வாராரு. அவரு எந்தக் கணக்கு?

முருகேசன்: வேலை பாக்குறவுகளத்தான் எண்ணுவாக. மாமா ரெண்டுலயும் வர மாட்டாரு.

செல்லம்மா: கிராமத்துக்கும் ஆகல, நகரத்துக்கும் ஆகல. இதை நாப்பது வருஷமா நான் சொல்றேன், இப்பத்தான் கவர்மென்டு ஒத்துக்கிருச்சு. அது கெடக்கட்டும், நூறு நாள் வேலைக்கு ஏன் கூப்பிடல?

முருகேசன்: (தலையைச் சொறிந்து) அது கிராமத்துக்கு மட்டுந்தான் அத்தே.

செல்லம்மா: வீட்டு வரி?

முருகேசன்: அது... ஏறும்.

செல்லம்மா: நல்ல நகரம்டா!

முருகேசன்: குப்பை வண்டி வரும்ல! மக்குறது தனி, மக்காதது தனி, பிரிச்சுக் குடுக்கணும்.

செல்லம்மா: ரெண்டையும் இது தின்னுருமே.

முருகேசன்: அந்த ஆட்டுக்கே லைசென்ஸ் வாங்கணும். நகரத்துல ஆடு மாடு வளக்க 1997லயே சட்டம் போட்டுட்டாக.

செல்லம்மா: ஒனக்கு இருக்கா லைசென்ஸு? பைக்கு ஓட்ட?

முருகேசன்: (அவசரமாக) 2011 கணக்கெடுப்புலயே தமிழ்நாட்டுல நூத்துக்கு 48 பேரு நகரத்துல இருந்தாக. இந்தியா முழுக்க எடுத்தா 31தான். எப்படி முன்னேறியிருக்கோம் பாருங்க!

செல்லம்மா: அந்த 48ல என் மகனும் ஒருத்தன். இந்தக் கொல்லைய ஒங்கிட்ட வித்து, சென்னையில எட்டாவது மாடியில வீடு வாங்குனான். நேத்துப் போன் போடுறான், ‘அம்மா, பால்கனித் தொட்டியில கொத்தமல்லி மொளைச்சிருச்சு’ன்னு. நாலு எலை. அதுக்கு வீட்டுல எல்லாரும் சேந்து நின்னு போட்டோ.

(முருகேசனின் போன் அடிக்கிறது.)

முருகேசன்: சொல்லுங்க சார்... சென்னையா? ரிட்டயர்டு ஆகி நிம்மதியா இருக்கணுமா? சுத்தமான கிராமம் சார்! ஆமா சார், மாநகராட்சி லிமிட்டுதான், ஆனா பக்கா கிராமம். அந்தச் சத்தமா? ஆடு சார். நெஜ ஆடு. ஞாயித்துக்கெழமை வாங்க, நேர்லயே பாக்கலாம். (போனை வைத்துவிட்டு) அத்தே, ஞாயித்துக்கெழமையும் ஆட்டை இங்கேயே கட்டுங்க. நீங்களும் மொறத்தோட பக்கத்துல நின்னீகன்னா நல்லாருக்கும்.

செல்லம்மா: நடு ரோடுன்னியே?

முருகேசன்: ரோடு வர்றப்பப் பாத்துக்கலாம்.

செல்லம்மா: கூலி?

முருகேசன்: நமக்குள்ள என்னத்தே கூலி...

செல்லம்மா: கிராமத்துல ஓசியாக் கட்டுவேன். இது மாநகராட்சி மருமவனே. ஆட்டுக்கு ஐநூறு, எனக்கு ஆயிரம். மொறத்துக்குத் தனி.