பெற்றோர் வகுப்புக்குப் போனால் பிள்ளை ‘மனநோயாளி’ ஆகுமா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு ஓடுகிறது: “உளவியலாளர் நடத்துற பெற்றோர் வகுப்புக்குப் போகாதேங்கோ. பிள்ளையை மனநோயாளி எண்டு பதிஞ்சுபோடுவினம். பிறகு கண்டிக்கவும் ஏலாது.”

இரண்டும் பிழை. பதிவு என்றாலே வன்னியில் நெஞ்சு திக்கென்னும். 2009இல் போரின் முடிவைக் கண்டவர்களின் அந்தப் பயம் விளங்குகிறது. ஆனால் இந்த வகுப்பில் படிப்பது பிள்ளையல்ல, தாய் தகப்பன். யாருக்கும் அங்கே நோய் கண்டுபிடிப்பதில்லை. மருந்து எழுதுவதும் உளவியலாளரின் வேலையல்ல, மனநல மருத்துவருடையது.

அப்புறம் கண்டிப்பு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ட்ரிபிள் பி’ போன்ற பெற்றோர் பயிற்சித் திட்டங்களில் உளவியலாளர்கள் பயிலுவதே இதைச் சொல்லிக்கொடுக்கத்தான்: விதியைச் சுருக்கமாகச் சொல்வது, மீறினால் சொன்ன விளைவை உடனே, கத்தாமல் செய்து காட்டுவது. வெறுமனே “கெட்டிக்காரன்” என்னாமல், “கேட்காமலே கிணற்றடி வாளியை எடுத்து வைத்தாய், நல்லது” என்று செயலைச் சொல்லிப் பாராட்டுவது. இதைப் பெற்றோரோடு நடித்தும் பழக்குவார்கள். விரிவுரை மட்டும் கேட்டு வீட்டில் பெரிதாக எதுவும் மாறாது.

அடிக்குத்தான் இடமில்லை. ‘அடியாத மாடு படியாது’ என்பார்கள். சரி, அது மாட்டுக்கு. பாடசாலையில் அடிப்பதைக் கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கையும் தடுக்கிறது.