"சிஸ்டர், நீங்கள் உட்காருங்கள்"

சனிக்கிழமைக் கூட்டத்தின் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் லிவிங் வில் பற்றிய கலந்துரையாடல். மேடையில் நான்கு மருத்துவர்கள், ஒரு வழக்கறிஞர். "இதைப் பற்றி நோயாளியிடம் நாங்கள் பேச்சைத் தொடங்கலாமா?" என்று கேட்ட செவிலியருக்குக் கிடைத்த பதிலைத்தான் தலைப்பில் வைத்திருக்கிறேன். அரங்கமே சிரித்தது. சிரித்தவர்களில் எனக்குத் தெரிந்த முகங்களும் இருந்தன. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அந்தப் பெண் கேட்டது சரியான கேள்வி. நோயாளிகள் தங்கள் சாவைப் பற்றி யாரிடம் பேசுகிறார்கள் என்று வார்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். காலையில் பரிவாரத்தோடு வரும் மருத்துவரிடம் "பரவாயில்லை டாக்டர்" என்பார்கள். அதே ஆள் இரவு இரண்டு மணிக்கு, சொட்டு மருந்தைச் சரிபார்க்கும் செவிலியரிடம் "இன்னொரு தடவை குழாய் போட விட்டுவிடாதேம்மா" என்பார். காது கொடுத்துக் கேட்டவள் செவிலியர். முடிவெடுக்கும் அறையில் அவளுக்கு நாற்காலி இல்லை.

சட்டம் தெரியாமல் பேசுகிறேன் என்பவர்களுக்கு: லிவிங் வில்லை அனுமதித்த 2018 மார்ச் 9 தீர்ப்பையும் படித்திருக்கிறேன், 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நடைமுறையை எளிதாக்கியதையும் படித்திருக்கிறேன். அதற்குச் சான்றொப்பம் வாங்க மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டாம், நோட்டரியோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியோ போதும் என்றார்கள். நல்லது. உயிர்காக்கும் கருவிகளை விலக்கலாமா என்று பார்க்க இரண்டு மருத்துவக் குழுக்கள், அவற்றில் ஐந்தாண்டு அனுபவமுள்ள நிபுணர்கள். அதுவும் நல்லது. இரண்டிலும் செவிலியரோ சமூகப் பணியாளரோ இருந்தாக வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாமா என்ற வழக்குகள் இந்த நாட்டில் சூடு பிடித்ததே ஒரு செவிலியரை முன்வைத்துத்தான். மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அருணா ஷான்பாக், 1973இல் தாக்கப்பட்டு, மூளை பாதிக்கப்பட்டு, 2015இல் சாகும் வரை அதே மருத்துவமனையில் கிடந்தார். பராமரித்தவர்கள் செவிலியர்கள். அவர் சார்பில் பேச, அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தச் சொல்லி மனு போட்டவரைவிட அந்த மருத்துவமனை ஊழியர்களுக்கே உரிமை அதிகம் என்று 2011இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. உச்ச நீதிமன்றத்துக்குப் புரிந்தது நம் ஊர் அரங்கத்துக்குப் புரியவில்லை.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் டயாலிசிஸுக்கு வரும் பெரியவர் ஒருவர் இருந்தார். நெல் விவசாயி. எங்கள் சமூகப் பணியாளர் காப்பீட்டு அட்டை விஷயமாக அவரிடம் பேசப் போனாள். அட்டையைத் தேடிக்கொண்டே அவர், "மூச்சு நின்றால் விட்டுவிடுங்கள், கிணற்று நிலத்தை மட்டும் விற்க விடாதீர்கள்" என்றாராம். அவள் அதை எழுதி கேஸ் ஷீட்டில் வைத்தாள். ஒருவரும் புரட்டவில்லை. கடைசியில் வென்டிலேட்டர் போட்டார்கள், பதினோரு நாள் இருந்தார், நிலமும் போனது. மகனைக் குறை சொல்ல மாட்டேன். "எல்லாம் செய்யுங்கள்" என்று சொல்லாத மகனை ஊர் சும்மா விடுமா? அப்பாவின் விருப்பத்தை அவனிடம் சொல்லவே ஆள் இல்லை.

"நோயின் போக்கைச் சொல்லச் செவிலியருக்குத் தகுதி ஏது?" என்பார்கள். சொல்ல வேண்டாம். மருத்துவரே சொல்லட்டும், ஆட்சேபணை இல்லை. உங்களுக்கு எது முக்கியம், எதற்குப் பயப்படுகிறீர்கள், பேச முடியாமல் போனால் உங்களுக்காக யார் பேச வேண்டும் என்று கேட்க எம்.டி. பட்டம் எதற்கு? "பணத்துக்காகக் குடும்பமே நெருக்குமே?" என்பது நியாயமான பயம்; எனக்கும் உண்டு. அந்த நெருக்கடியை மோப்பம் பிடிக்கத்தான் சமூகப் பணியாளர் வேண்டும் என்கிறேன். அபசகுனம் என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

கேரளத்தில் 2008இலேயே வலிதணிப்பு சிகிச்சைக்குக் கொள்கை வகுத்து, செவிலியர்களை வீடு வீடாக அனுப்பினார்கள். நம்மிடமும் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவரின் வீட்டுக்குச் செவிலியர் போகிறார். திண்ணையில் உட்கார்ந்து, மருமகள் தரும் காபியைக் குடித்து, வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பது வரை தெரிந்துகொள்கிறார். பேச்சைத் தொடங்க இவரைவிடப் பொருத்தமானவர் யார்? அவருக்கு முறையான பயிற்சி கொடுங்கள். அவர் எழுதுவதற்குக் கேஸ் ஷீட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மருத்துவர் அதைப் படித்ததாகக் கையெழுத்துப் போடட்டும். இவ்வளவுதான் கேட்கிறேன். மருத்துவர் நாற்காலியை யாரும் கேட்கவில்லை.

ஆள் பற்றாக்குறையாம். பற்றாக்குறை எங்களுக்குத் தெரியாதா? இரவில் ஒரு வார்டு முழுக்க ஒருத்தி ஓடுவது யார் வீட்டுக் கதை? கொரோனாவில் எங்களுக்குக் கை தட்டினீர்கள், தேவதைகள் என்றீர்கள். அந்த தேவதைகளில் எத்தனை பேர் தொகுப்பூதியத்தில் இருந்துகொண்டு, பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள் என்று நினைவிருக்கிறதா? ஒப்பந்தம் நீளுமா என்று தெரியாதவள்தான் நோயாளியிடம் "பயப்படாதீர்கள் ஐயா, நான் இருக்கிறேன்" என்கிறாள். இதற்கும் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நட்புப் பட்டியலிலிருந்து நானே நீக்கிவிடுகிறேன், உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.